றஹ்மாவின் எதிர்த்தட்டு

இரண்டாம் உலக யுத்தத்தில் திருகோணமலையில் குண்டு விழுந்த மறுநாளே நகரத்தில் பாதிப் பேர் இல்லை. வண்டி கிடைத்தவர்கள் வண்டியிலும் கிடைக்காதவர்கள் கால்நடையாகவும் கந்தளாய்ப் பக்கம், நிலாவெளிப் பக்கம் என்று போய்ச் சேர்ந்தார்கள். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. அதன் புகை போகவும் மனமில்லாமல் இறங்கவும் மனமில்லாமல் நகரத்துக்கு மேலே நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் விமானத் தளத்தை அகலிப்பதற்காகக் கண்ணாப்பிட்டிச் சனங்களை எழுப்பினார்கள். கண்ணாப்பிட்டி என்பது சீனன்குடாவை ஒட்டிக் கிடந்த சின்ன மீன்பிடிக் குடியிருப்பு. முஸ்லிம் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் கலந்து இருந்த இடம். இவர்களை எங்கே வைப்பது என்று நிவாரணக் கமிற்றி யோசித்தது. நகரத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, இருந்தவர்கள்தான் ஓடிவிட்டார்களே. ஆகவே, ஆபத்து என்று ஊரார் விட்டுப்போன இடத்துக்கே இவர்களைப் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்தார்கள். ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில், உள்துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கியில் குடியேற்றினார்கள். புகையிலை போய் வருடக்கணக்காகியும் மணம் போகவில்லை. வந்த முதல் நாள் முழுக்கப் பிள்ளைகள் தும்மிக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியரத்தினம் நகரத்தை விட்டு ஓடாதவர்களில் ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். தனியார் வைத்தியர் ஒருவரின் வீட்டோடு இருந்த மருந்துச்சாலையில் ஆயாவாக வேலை பார்த்தவள். வைத்தியர் குடும்பத்தோடு காரில் ஏறியபோது சாவியை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் சிரித்ததையோ கோபப்பட்டதையோ கண்டவர்கள் குறைவு. அரசாங்கக் கந்தோர் வரிசையில் நிற்பவர்களின் முகம் அவளுக்கு எப்போதும் இருந்தது.

கிட்டங்கிச் சனங்களைப் பார்க்க அரசாங்கம் வைத்தியருக்கு ஒரு படி கீழான அப்போதிக்கரி சோமசேகரத்தை விட்டிருந்தது. இப்படி இன்னும் சில இடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. சைக்கிள் டயர் இடம் கொடுக்கும் நாட்களில் வருவார். உதவிக்கு ஆள் தேடி அலைந்தவர் பாக்கியரத்தினத்திடம் வந்தார்.

"நீங்கள் ஏன் ஓடேல்லை? பயமில்லையோ?"

"பயம்தான் ஐயா. சீலை ஊறவைச்சுப் போட்டன்."

அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. அடுத்த நாளே அவள் கிட்டங்கியில் அடுப்பு மூட்டினாள்.

கண்ணாப்பிட்டிப் பிள்ளைகளுக்கு இடம் மாறும்போதே சின்னமுத்து அம்மை வந்திருந்தது. அது போனபோது உடம்பிலிருந்த மிச்சத்தையும் கொண்டுபோய்விட்டது. பர்மா அரிசி நின்றுபோய்க் கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மாவில் ரொட்டி சுட்டுத் தின்ற காலம். சில பிள்ளைகள் தோலும் எலும்புமாய்க் கிடந்தார்கள். சிலர் வீங்கியிருந்தார்கள்.

வீங்கியவர்களில் ஒருத்தி றஹ்மா. மூன்று வயது இன்னும் ஆகவில்லை. தாய் அசனா, தகப்பன் ஆதம்பாவா. அவளுக்கு மேலே இன்னும் மூன்று பிள்ளைகள். ஆதம்பாவா குடாவில் வலை போட்டுப் பிழைத்தவன். குடாவுக்குள் தோணி விடக்கூடாது என்று கடற்படை தடுத்த பிறகு, விமானத் தளத்து முகாமின் சமையல் குசினியில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தான். றஹ்மாவின் கால்கள் பொதுபொதுவென்று இருந்தன. தலைமயிர் செம்பட்டை பாய்ந்திருந்தது. தூக்கினாலும் அழமாட்டாள், கிடத்தினாலும் அழமாட்டாள்.

பக்கத்து மூலையில் இருந்த நல்லம்மாவுக்கு அவளை நன்றாகப் பிடித்திருந்தது. "தங்கமான பிள்ளை. ஒரு சத்தமில்லை" என்றாள். நல்லம்மாவுக்கும் நோய் வருத்தத்தில் கிடந்த பிள்ளை ஒன்று இருந்தது, கடைசிப் பையன்.

சோமசேகரம் குந்தியிருந்து றஹ்மாவின் புறங்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது.

"சத்தமில்லாததுதான் வருத்தம்" என்றார்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொதித்தாறின தண்ணீரில் பால்மா, கொஞ்சம் சீனி, கொஞ்சம் தேங்காயெண்ணெய். சின்னக் குவளையில் அடிக்கடி கொடுக்க வேண்டும். ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் வயிறு தாங்காது. அதோடு சுறா ஈரல் எண்ணெய் ஒரு கரண்டி. இதைப் பிள்ளைகள் துப்புவார்கள் என்பதால் கொடுப்பவர் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

பிள்ளைகள் தேறுகிறார்களா என்று பார்க்கத் தராசு வேண்டும். மீன் சந்தை பூட்டிக் கிடந்தது. அங்கே தொங்கிய தராசைப் பாக்கியரத்தினம் காவற்காரனிடம் கேட்டு வாங்கி வந்தாள். வியாபாரி தராசை விட்டுவிட்டுப் படிக்கற்களை மட்டும் கொண்டு ஓடியிருந்தார். அவசரத்தில் மனிதர் எதை எடுப்பார் என்று சொல்ல முடியாது. புளியும் சாம்பலும் போட்டுத் தட்டுகளைத் தேய்த்தாள். பித்தளை மினுங்கியது. மணம் அப்படியே இருந்தது.

"என்ட புள்ளய மீன் நிறுக்கிற தட்டுலயா போடப் போறீங்க?" என்று அசனா கேட்டாள்.

"ஓம். கழுவியிருக்கு."

"மனுசர நிறுக்கிற தராசு இல்லயா அக்கா?"

"இருக்கு. கொழும்பில இருக்கு."

படிக்கல் இல்லாததற்கு அவளே ஒரு வழி கண்டாள். கடற்கரையில் வழுவழுப்பான வெள்ளைக் கற்களாகப் பொறுக்கி வந்தாள். ஒரு தட்டில் பிள்ளையை இருத்தி, மறுதட்டில் ஒரு துணிப்பையை வைத்து, இரண்டும் சமமாகும்வரை கல்லைப் போட்டாள். அந்தப் பை அந்தப் பிள்ளைக்கு. அடுத்தமுறை அதே பையை எதிர்த்தட்டில் வைத்துப் பிள்ளையை இருத்தும்போது பிள்ளையின் தட்டு தாழ்ந்தால் தேறுகிறது, உயர்ந்தால் தேய்கிறது. எழுத்து வேண்டாம், கணக்கு வேண்டாம், தாய்மாரே கண்ணால் காணலாம். அவரவர் பிள்ளையின் பையை அவரவர் மூலையில் ஆணியில் தொங்கவிடச் சொன்னாள். அந்த ஒன்றில் மட்டும் அவள் பிழை விட்டாள்.

அடுத்தமுறை நிறுத்தபோது றஹ்மாவின் தட்டு தாழ்ந்தது. அதற்கடுத்த முறை இன்னும் தாழ்ந்தது. சோமசேகரம் மகிழ்ந்துபோனார். கமிற்றி ஆட்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்றார். பாக்கியரத்தினம் பிள்ளையைத் தட்டிலிருந்து தூக்கினாள். போன கிழமை தூக்கியதைவிடப் பாரம் கூடியதாகக் கைக்குத் தெரியவில்லை. தராசு ஒன்று சொன்னது, கை ஒன்று சொன்னது.

அன்று பின்னேரம் அவள் கிட்டங்கிக்குள் நடந்துபோகும்போது அசனாவின் மூத்த பிள்ளைகள் மூவரும் சுவரோரம் கொக்கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முற்றத்துக் கல் சொரசொரப்பு, மண்ணிறம். இவர்கள் எறிந்து பிடித்தது வழுவழுப்பான வெள்ளைக் கல். பாக்கியரத்தினம் பக்கத்தில் குந்தி, மூத்தவள் கல்லைத் தவறவிடும்வரை பொறுமையாக ஆட்டத்தைப் பார்த்தாள். பிறகு அசனாவிடம் போனாள்.

"பிள்ளையள் விளையாடுற கல் எங்கால வந்தது?"

"பையிலிருந்து கொட்டிப்போச்சு அக்கா."

"முடிச்சு அவிழாமலே கொட்டிச்சுதோ?"

அசனா தலையைக் குனிந்தாள். "பாரம் கூடாட்டிப் புள்ளய தூர ஆஸ்பத்திரிக்கு ரயில்ல ஏத்திருவாங்க எண்டு நல்லம்மா சொன்னா. அப்பிடிப் போன புள்ள ஒண்டு திரும்பி வரல்லயாம்" என்றாள்.

"பால் குடுத்தனீதானே?"

"குடுத்தன்."

"ஆருக்கு?"

அசனா கொக்கான் வெட்டும் மூவரையும் பார்த்தாள். "நாலு பேருக்கும்தான். மூணும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கக்குள்ள ஒண்டுக்கு மட்டும் எப்பிடிக் குடுக்கிற? நீங்க குடுப்பீங்களா அக்கா?"

பாக்கியரத்தினம் யோசித்தாள். யோசிக்காமல் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஏலாது" என்றாள்.

சோமசேகரம் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. கமிற்றிக்காரரை வரச்சொல்லி ஏற்கெனவே ஆள் அனுப்பிவிட்டார் என்பதும் அந்தக் கோபத்தில் இருந்தது.

"இனிப் பிள்ளையளை உங்கட கண்ணுக்கு முன்னால வைச்சுக் குடிக்கப் பண்ணுங்கோ."

"பண்ணலாம் ஐயா. மற்றதுகளும் முன்னால வந்து நிக்கும்."

"அதுகளை வெளியில விடுங்கோ."

"வெளியிலயும் மணக்கும்."

சோமசேகரம் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "கமிற்றியிட்டக் கேட்டுப் பாத்தனான். வருத்தமில்லாத பிள்ளைக்குப் பால்மா இல்லையாம்."

"அப்ப வருத்தம் வருமட்டும் பொறுக்கச் சொல்லுகினம்" என்றாள் பாக்கியரத்தினம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னாள்.

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு ஆதம்பாவா பக்கத்தில் நின்றான். வேலையால் வந்து கை கழுவிக்கொண்டிருந்தவன், கழுவுவதை நிறுத்தாமலே சொன்னான்.

"முகாமில மிஞ்சின கோதுமைப் பாணையும் சோத்தையும் அண்டாடம் குழி வெட்டிப் புதைக்கிற. ஈ வரும் எண்டு கட்டளை. குழி வெட்டுறது நான்தான்."

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஒரு துண்டு வெளிய கொண்டு வரேலாது. வாசல்ல மடியத் தடவிப் பாப்பாங்க. கையில மணம் மட்டும் வரும். ஊட்டுக்கு வந்தா மகன் என்ட கைய மோந்து பாக்கான். அதான் கழுவிட்டு உள்ள போற."

மறுநாள் பாக்கியரத்தினம் வெள்ளைச் சீலை உடுத்தி, சோமசேகரத்தோடு கூலியாட்களின் லொறியில் ஏறி முகாமுக்குப் போனாள். குசினிக்குப் பொறுப்பான சார்ஜன் வெயிலில் வெந்து சிவந்த கழுத்தோடு ஒரு கதிரையில் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கட்டளை கட்டளை என்றார். இராணுவத்து உணவை வெளியாருக்குக் கொடுக்க முடியாது. மிஞ்சினால் புதைக்கத்தான் வேண்டும். சோமசேகரம் தமக்குத் தெரிந்த புத்தக இங்கிலீசில் பிள்ளைகளின் நிலையை விளக்கினார். சார்ஜனின் கண் கலங்கியது. ஆனாலும் கட்டளை கட்டளைதான்.

"புதைக்க ஆள் காணுமோ எண்டு கேளுங்கோ" என்றாள் பாக்கியரத்தினம்.

போதாது என்றார் சார்ஜன். எல்லாரும் பதுங்குகுழி வெட்டப் போய்விட்டார்கள்.

"நாங்கள் கொண்டுபோய்ப் புதைக்கிறம் எண்டு சொல்லுங்கோ."

சோமசேகரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்படியே மொழிபெயர்த்தார். சார்ஜன் மேசையைப் பார்த்தபடி, ஆழமாகப் புதைப்பார்களா என்று கேட்டார். ஆழமாகத்தான் என்றார் சோமசேகரம். ஈ மொய்க்காதுதானே என்று கேட்டார் சார்ஜன்.

"ஈக்கு மிச்சம் விடமாட்டினம் எண்டு சொல்லுங்கோ" என்றாள் பாக்கியரத்தினம்.

அன்றிலிருந்து பின்னேர லொறியில் ஆதம்பாவா சாக்குகளோடு வந்து இறங்கினான். வாசலில் நின்ற சிப்பாய்க்கு அது குப்பை என்று சொல்லப்பட்டிருந்தது. முதல் நாள் அசனா சாக்கைத் தொடவில்லை.

"இறைச்சி ஏதும் பட்டதா?"

"வெறும் பாணும் வெறுஞ்சோறும்தான். இறைச்சிப் பாத்திரம் மற்றப் பக்கம். என்ட கையால எடுத்த" என்றான் ஆதம்பாவா.

வருத்தமில்லாத பிள்ளைகள் பாணைச் சுற்றி இருந்தார்கள். வருத்தக்காரப் பிள்ளைகள் வாசலோரத்து மர வாங்கில் இருந்து பால் குடித்தார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்க்கவில்லை. அவரவர் வாய்க்கு அவரவர் வேலை இருந்தது.

றஹ்மாவுக்குப் பாக்கியரத்தினம் புதிதாகக் கல் போட்டுப் புதுப் பை கட்டினாள். இம்முறை பைகள் எல்லாம் அடுப்படியில் அவள் மருந்து வைத்திருந்த அலுமாரிக்குள் போயின. பால் முழுவதும் இப்போது றஹ்மாவின் வயிற்றுக்குள்தான் போனது. தன் கையால் கொடுத்தாள், தன் கண்ணால் கண்டாள். கிழமை முடிய நிறுத்தபோது றஹ்மாவின் தட்டு மேலே போனது.

களவாக நிறுத்தபோது கூடின பிள்ளை, ஒழுங்காக நிறுத்தபோது குறைந்துபோயிற்று.

"பால் குடிச்சுப் பிள்ளை கரையுது" என்றாள் நல்லம்மா. அதை மெல்லச் சொல்லவில்லை. அடுத்த நாள் அசனா றஹ்மாவை வாங்குக்குக் கொண்டுவரவில்லை. இன்னும் இரண்டு தாய்மாரும் வரவில்லை.

பாக்கியரத்தினம் வழக்கம்போல் பால் கரைத்தாள். ஆனால் சீனியைக் கரண்டியில் அள்ளி, திரும்பக் கொட்டி, இன்னொருமுறை அளந்தாள். கரைத்ததில் பிழையோ? எண்ணெய் கூடிவிட்டதோ? தண்ணீர் கொதிக்க முன் இறக்கிவிட்டேனோ? கேட்பதற்குச் சோமசேகரத்தின் சைக்கிள் வரவில்லை. வந்தபோது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், டயர் வெடித்திருந்தது. அவர் தண்ணீர் குடிக்க முன்னமே அவள் கேட்டுவிட்டாள்.

அவர் அசனாவின் மூலைக்குப் போய் றஹ்மாவின் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, ஆனால் விரல் எடுத்ததும் மெல்ல மெல்ல நிரம்பியது.

"பிள்ளை கரையேல்லை. உடம்பில நிண்ட தண்ணிதான் இறங்குது. வீக்கம் வத்தினபிறகுதான் சதை வைக்கும். அதுவரைக்கும் பாரம் குறைஞ்சுதான் காட்டும். இதை நான் முதலே சொல்லியிருக்க வேணும்" என்றார்.

பாக்கியரத்தினம் நம்பினாள். அசனா நம்பவில்லை. "தண்ணி எண்டா எங்க போச்சு? நான் காணல்லயே" என்றாள்.

"இரவில பாய் நனையிறேல்லையோ?" என்று கேட்டாள் பாக்கியரத்தினம்.

பாய் அன்றும் வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை அசனா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பாக்கியரத்தினம் றஹ்மாவை வரச்சொல்லவில்லை. பாலை எடுத்துக்கொண்டு தானே அந்த மூலைக்குப் போய் இருந்தாள். அசனா தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. பாக்கியரத்தினம் கரண்டியால் பருக்குவாள், போய்விடுவாள், திரும்பவும் வருவாள். ஒரு நாள் காலை, ஈரல் எண்ணெய்க் கரண்டி வாய்க்குக் கிட்ட வந்ததும் றஹ்மா அதைக் கையால் தட்டிவிட்டாள். எண்ணெய் பாக்கியரத்தினத்தின் முகத்தில் தெறித்தது. பக்கத்தில் இருந்த பால் குவளையையும் காலால் உதைத்துக் கவிழ்த்தாள். பிறகு வாயைத் திறந்து வீரிட்டு அழத் தொடங்கினாள்.

கிட்டங்கி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் குரலை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. அசனா பதறி ஓடிவந்தாள்.

"என்ன செஞ்சீங்க அக்கா?"

"ஒண்டும் செய்யேல்லை. கோவம் வந்திட்டுது" என்றாள் பாக்கியரத்தினம். "நல்லம். இனிப் பயமில்லை."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தெறித்த எண்ணெய்க்குத் தேவையானதைவிடக் கூட நேரம் துடைத்தாள்.

றஹ்மா அன்றைக்கு மத்தியானம் அக்காமாரின் பாணைப் பறித்தாள். கிழமைகள் போக அவளது தட்டு தாழத் தொடங்கியது.

எல்லாத் தட்டும் தாழவில்லை. நல்லம்மாவின் கடைசிப் பையனுக்கு நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் பிடித்தது. சோமசேகரம் அவனைத் தமது கையாலேயே தூக்கிக்கொண்டு லொறியில் ஏறினார். பிள்ளை ரயில் நிலையம்வரை உயிரோடு போய்ச் சேரவில்லை. நல்லம்மாவின் புருசன் துறைமுகத்தில் கூலி வேலையில் நின்றான். அவனுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அடக்கம் முடிந்தது.

சில நாள் கழித்து நல்லம்மா அலுமாரியடியில் வந்து நின்றாள்.

"அவன்ர கல்லுப் பையைத் தாருங்கோ."

"அதை என்ன செய்யப் போறாய் நல்லம்மா?"

"தூக்கிப் பாக்க."

பாக்கியரத்தினம் அலுமாரியைத் திறந்தாள். அவனது பையைத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். நல்லம்மா அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு தன் மூலைக்குப் போனாள். அன்று முழுவதும் அவள் அதை இறக்கி வைக்கவில்லை. பக்கத்து மூலையிலிருந்த அசனா, தன் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வெளியே கூட்டிப் போனாள்.

அடுத்த மாரி முடியக் கமிற்றி கண்ணாப்பிட்டிச் சனங்களுக்குக் கிண்ணியாப் பக்கம் காணி பார்த்தது. லொறி வந்து நின்றது. றஹ்மா முன்னுக்கு இருப்பதற்காகத் தமக்கையோடு சண்டை பிடித்து, சண்டையில் வென்று, முன்னுக்கு இருந்தாள். அசனா பாக்கியரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எண்ணெய் குடுக்க மறக்காதை" என்றாள் பாக்கியரத்தினம். "துப்பினா ஒதுங்கி நில்."

எல்லாரும் ஏறிய பிறகும் நல்லம்மா ஏறவில்லை. புருசனுக்கு வேலை துறைமுகத்தில்தானே, இங்கேயே நிற்கப்போகிறோம் என்றாள். லொறி போன பிறகு பாக்கியரத்தினத்துக்குக் கிட்ட வந்து, "நான் பால் கரைக்கட்டோ?" என்று கேட்டாள்.

"கரைக்கலாம். சம்பளம் எண்டு கமிற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"நான் சம்பளம் கேக்கேல்லை."

கிட்டங்கி வெறுமையாகக் கிடக்கவில்லை. எண்ணெய்த் தாங்கிப் பக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட வேறு குடும்பங்கள் அந்தக் கிழமையே வந்தன, வந்து தும்மின. இடுப்பில் ஒரு வீங்கின பிள்ளையும் சீலையைப் பிடித்தபடி இரண்டு பிள்ளைகளுமாக ஒரு இளம் தாய் வாசலில் தயங்கி நின்றாள். நல்லம்மா போய்ப் பிள்ளையை வாங்கி வாங்கில் இருத்தினாள். மற்ற இரண்டு பேருக்கும் பாணைப் பிய்த்துக் கொடுத்தாள்.

"முதல்ல பாரம் குறையும். பயப்பிடாதை" என்று தாய்க்குச் சொன்னாள். "பிறகு ஒரு நாளைக்கு உன்ர பிள்ளை இந்தக் கிட்டங்கி கிடுகிடுக்க அழும். அதுவரைக்கும் நான் சொல்லுறதைக் கேள்."

பிறகு அடுப்படிக்கு வந்து பால் கரைத்தாள். சீனியை ஒரு கரண்டி போட்டாள். பிள்ளையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் அரைக் கரண்டி போட்டாள். பாக்கியரத்தினம் பக்கத்தில்தான் நின்றாள். கண்டாள். அன்றைக்கு மட்டும் அதை விட்டுவிட்டு, குவளையை எடுத்து நீட்டினாள்.